பதினேழாவது எண்ணிக்கை

திண்டிவனத்து தேகாப்பியாச வாத்தியாரே, என் மனைவியின் பெயரைக் கெடுத்தது நீங்கள்.

வேறு யாரையும் இதில் இழுக்க மாட்டேன். அந்த வார்த்தைகளை வாயால் சொன்னவன் செத்துப் போய்விட்டான். கேட்டுச் சிரித்தவர்கள் ஊரில் பாதிப் பேர். அவர்களைக் கேட்டு ஒன்றும் ஆகப்போவதில்லை. எழுதிக் கொடுத்தது நீங்கள். அதை நீங்கள் ஒப்புக்கொண்டது என் ஒருவன் காதில் மட்டும். அதனால்தான் இதை எழுதுகிறேன். நான் ஐந்தாவது வரை படித்தவன். விழுப்புரம் ஜங்ஷனில் இஞ்சினுக்குக் கரி ஏற்றியே தலை நரைத்தவன். என் எழுத்தில் அழகு இருக்காது.

முதலில் என் குற்றம். அதைச் சொல்லாமல் உங்களைக் கேட்க எனக்கு யோக்கியதை இல்லை.

நான் கோபக்காரன். லோகோ ஷெட்டில் என்னோடு கரி அள்ளியவர்கள் என் கூடைக்குப் பக்கத்தில் தங்கள் கூடையை வைக்க மாட்டார்கள். டீ ஆறிப்போயிருந்தது என்பதற்காக ஒருவனை பெஞ்சோடு சேர்த்துக் கவிழ்த்திருக்கிறேன். மேஸ்திரி என்னை வேலையிலிருந்து அனுப்பிவிடப் பார்த்தார். மூன்று ஆள் சுமையை நான் ஒருவன் சுமப்பேன் என்பதால் வைத்துக்கொண்டார். வெளியில் எல்லாரும் என்னைக் கண்டு ஒதுங்கிப் போனார்கள். வீட்டில் ஒதுங்க இடம் இல்லை. ரயில்வே லைன் வீடு ஒரே அறை. அதில் அவளும், எங்கள் மூன்று வயதுப் பெண் குழந்தையும், நானும்.

யுத்தம் தொடங்குவதற்கு நாலு வருஷம் முன்பு, ஒரு ஆடி மாதம். ஷெட்டிலிருந்து வந்து உட்கார்ந்தேன். கேப்பைக் கூழ் ஊற்றி வைத்தாள். உப்பு இல்லை. அவ்வளவுதான் விஷயம். உப்பு எடுக்க அவள் எழுந்தாள். அதற்குள் என் கையில் பித்தளைத் தூக்குச் சட்டி இருந்தது. முகத்துக்கு வந்ததை இடது கையால் தடுத்தாள். காய்ந்த சுள்ளி ஒடிவது போல ஒரு சின்னச் சத்தம் கேட்டது. அவள் கத்தவில்லை. குழந்தைதான் கத்தியது.

கட்டுப் போடுகிறவர் மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். எலும்பு கூடியது. கோணலாகக் கூடியது.

மூன்றாம் நாள் அவளுடைய அப்பா வந்தார். ஒலக்கூர் பக்கத்தில் சொந்த நிலத்தில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் கேப்பையும் பயிர் வைக்கிற மனிதர். மகளின் கையைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"பொண்ண கூட்டிக்கினு போறேன். உன் கோவம் அடங்கிப்போச்சின்னா வந்து இட்டுக்கினு போ. ஆனா அத நீ சொல்லக் கூடாது. நாலு பேரு மதிக்கிற மனுஷன் ஒருத்தரு என்னாண்ட வந்து சொல்லணும்."

அவள் புறப்படும்போது உலையை இறக்கி வைத்தாள். உப்பு ஜாடியை எடுத்து, நான் சாப்பிட உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். குத்திக் காட்டினாளா, இல்லை நான் உப்பைத் தேடக் கூடாது என்று வைத்தாளா? இன்றுவரை எனக்குத் தெரியாது. ஜாடி அதே இடத்தில்தான் இருக்கிறது.

நாலு பேர் மதிக்கிற மனிதரைத் தேடித்தான் உங்களிடம் வந்தேன். திண்டிவனத்தில் ஒரு வாத்தியார் யோகமும் தண்டாலும் சொல்லிக்கொடுத்து முரட்டு ஆட்களைத் திருத்துகிறார் என்று எங்கள் டிரைவர் ஒருவர் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை முதல் வண்டி ஏறி வந்தேன். ஏரி ஓரத்தில் தென்னங்கீற்றுக் கொட்டகை. பெரிய பயில்வான் ஒருவர் இருப்பார் என்று நினைத்தேன். ஒல்லியான ஒரு மனிதர் வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு தரையைப் பெருக்கிக்கொண்டிருந்தார். அது நீங்கள்.

கோபம் வருவது உனக்கு எப்போது தெரிகிறது என்று கேட்டீர்கள். அடித்த பிறகுதான் தெரிகிறது என்றேன். நீங்கள் சிரிக்கவில்லை. அதனால்தான் உங்களை நம்பினேன்.

பன்னிரண்டு சூரிய நமஸ்காரம், அறுபது தண்டால், நூறு பஸ்கி. உடம்பு வேர்த்து ஓய்ந்த பிறகு உட்கார்ந்து மூச்சு. நாலு எண்ணி இழுக்க வேண்டும், பதினாறு எண்ணி நிறுத்த வேண்டும், எட்டு எண்ணி விட வேண்டும். கோபம் முதலில் மூச்சில்தான் ஏறும், மூச்சைப் பிடித்துவிட்டால் கையைப் பிடித்த மாதிரி என்றீர்கள். நீங்கள் சொன்னதில் ஒன்று மட்டும் அப்படியே காதில் இருக்கிறது.

"பதினாறு எண்ணுற வரைக்கும் நீ பொணம். பொணம் கையை ஓங்காது."

அதற்கு மேல் ஒரு பாடம் இருந்தது. வேறு எந்தக் கொட்டகையிலும் அப்படி இருந்ததாக நான் கேட்டதில்லை. பயிற்சி முடிந்ததும் ஒருவனை நடுவில் நிறுத்துவீர்கள். நீட்டிய உள்ளங்கையில் தளும்பத் தளும்பத் தண்ணீர் ஊற்றிய லோட்டா. மற்றவர்கள் சுற்றி நின்று அவனைத் திட்ட வேண்டும். அவன் மூச்சை எண்ணிக்கொண்டு நிற்க வேண்டும். தண்ணீர் சிந்தினால் மறுபடி முதலிலிருந்து தண்டால். வசவுப் பாடம் என்று அதற்குப் பெயர் வைத்திருந்தீர்கள். அதற்கு ஒரே ஒரு விதி. தாயையும் வீட்டுப் பெண்களையும் பற்றிப் பேசக் கூடாது. கொட்டகையின் மண்சுவரில் கரியால் எழுதிப் போட்டிருந்தீர்கள். உங்கள் கையெழுத்து. நான் கொண்டுவந்து கொடுத்த கரி.

திட்டுவதில் கெட்டிக்காரன் ஒருவன் இருந்தான். சந்தைப்பேட்டையில் பீடிக்கடை வைத்திருந்தவன். உங்கள் ஆண்டு விழாக்களில் முகத்தில் மாவு பூசிக்கொண்டு, இரும்பு வளைப்பதற்கும் கல் உடைப்பதற்கும் நடுவில் ஜனங்களைச் சிரிக்க வைக்கிற பபூன் அவன்தான். முதல் ஞாயிறு என்னைச் சுற்றி ஒரு தடவை நடந்தான்.

"இன்னா வாத்தியாரே, இஞ்சினு ரெண்டு காலுல வந்து நிக்குது. தண்ணி ஊத்தியாச்சி. புகை எந்தப் பக்கம் வுடும்?"

லோட்டாவால் அவன் நெற்றியில் அடித்தேன். ரத்தம் வந்தது. அவன் துடைத்துக்கொண்டு, சாமி தீர்த்தம் தெளித்து ஆசீர்வாதம் பண்ணிவிட்டது என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நான் கூனிக் குறுகிப்போனேன். நீங்கள் லோட்டாவை எடுத்து மறுபடி தண்ணீர் நிரப்பினீர்கள்.

மறுநாளிலிருந்து ஷெட்டில் கரிக்குவியலுக்குப் பின்னால் போய் விடியற்காலையில் நமஸ்காரம் செய்தேன். கூட வேலை செய்தவர்கள் எனக்குச் சாமியார் என்று பெயர் வைத்தார்கள். வைத்துக்கொள்ளட்டும் என்று இருந்தேன். ஒவ்வொரு மூச்சையும் அவளை நினைத்துத்தான் எண்ணினேன். இது முடிந்தால் அவள் வருவாள். இது முடிந்தால் குழந்தை வரும். எனக்கு வேறு மந்திரம் கிடையாது.

புரட்டாசியில் லோட்டாத் தண்ணீர் சிந்தவில்லை. கார்த்திகை மழையில், கூட இருந்தவன் கை வழுக்கிக் கூடையோடு கரியை என் காலில் போட்டான். கட்டைவிரல் நகம் பெயர்ந்தது. நான் கண்ணை மூடி எண்ணினேன். எண்ணி முடித்துக் கண்ணைத் திறந்தால் அவன் அதே இடத்தில் கன்னத்தைக் காட்டிக்கொண்டு நிற்கிறான். "அடிக்கலியாண்ணே?" என்றான். இல்லை என்றேன். அவனுக்கு அழுகை வந்தது. எனக்கும் வந்தது. திரும்பிக்கொண்டேன்.

நீங்கள் சொல்லிக்கொடுத்தது பொய் இல்லை, வாத்தியாரே. அது வேலை செய்தது. அதுதான் என் வயிற்றெரிச்சல்.

மார்கழியில் உங்களிடம் கேட்டேன், என் மாமனாரிடம் வந்து ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று. தை மாதம் ஆண்டு விழா வருகிறது, வீட்டுக்குப் போய்ச் சொல்வதைவிட அங்கே நாலு பேர் நடுவில் சொன்னால் மதிப்பு என்றீர்கள். நீங்களே ஒலக்கூர் பக்கம் போய் அவரை அழைத்தீர்கள். குடும்பத்தோடு வருகிறேன் என்று அவர் சொன்னதாக வந்து சொன்னீர்கள். அன்றைக்கு உங்கள் காலில் விழுந்தேன்.

விழா சாயங்காலம். தலைமை வகிக்க ஒரு பெரிய நிலக்காரர் வந்திருந்தார். கொட்டகைக்குப் பதிலாகக் கட்டிடம் கட்ட அவர் இடம் தருவார் என்று பேச்சு. உடம்பைக் காட்டும் வித்தை எல்லாக் கொட்டகையிலும் இருக்கிறது, இங்கே என்ன புதிதாக இருக்கிறது என்று அவர் கேட்டாராம். அது எனக்கு அப்போது தெரியாது.

ஆண்கள் பக்கத்தில் இரண்டாவது வரிசையில் மாமனார். பெண்கள் பக்கத்தில் அவள். மடியில் குழந்தை. ஆறு மாதத்துக்குப் பிறகு பார்க்கிறேன். புதுப் புடவை கட்டியிருந்தாள். இடது கையைப் புடவைத் தலைப்பால் மூடியிருந்தாள். ஒரே ஒரு தடவை என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் பயம் இல்லை. கல்யாணமான நாளிலிருந்து அவள் பயம் இல்லாமல் என்னைப் பார்த்தது அன்றுதான்.

கல் உடைத்தார்கள். மார்பில் வண்டி ஏற்றினார்கள். கடைசியில் என்னை அழைத்தீர்கள். பன்னிரண்டு நமஸ்காரம் செய்தேன். முடித்துக் கைகூப்பி நின்றேன். இப்போது மாமனாரைப் பார்த்து அந்த வார்த்தையைச் சொல்லப் போகிறீர்கள் என்று காத்திருந்தேன். நீங்கள் மேடை ஓரத்துக்குப் போய் நின்றுகொண்டீர்கள். மாவு பூசிய முகத்தோடு பபூன் ஏறினான்.

அவன் சொன்னதை இங்கே எழுதாமல் இருக்கலாம். ஆனால் ஊர் முழுக்கத் தெரிந்ததை மறைத்து என்ன ஆகப்போகிறது?

"ஏம்பா ரயிலு, நீ இங்க குனிஞ்சி நிமிந்துக்கினு கீற. உன் பொண்டாட்டி ஆறு மாசமா அப்பன் வூட்டுல சும்மாவா குந்திக்கினு கீறா? மல்லாட்டை மண்டிக்காரரு வண்டி தெனம் அந்த வாசல்லதான் நிக்குதாம். மல்லாட்டை ஒரே நாள்ல ஏத்திடலாமே, தெனம் தெனம் இன்னா ஏத்தறாரு?"

முதலில் யாரும் சிரிக்கவில்லை. பின்பக்கத்தில் ஒருவன் சிரித்தான். பிறகு கொட்டகையே சிரித்தது.

எனக்குக் கோபம் உள்ளங்காலில் தொடங்கியது. முழங்கால் ஏறியது, வயிறு ஏறியது. மேடையில் கர்லாக்கட்டை கை எட்டும் தூரத்தில் கிடந்தது. இது வசவுப் பாடம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பாடத்தில் பெண்களைப் பேசக் கூடாது என்று சுவரில் எழுதியிருக்கிறதே. இவன் குடித்துவிட்டு வந்து உளறுகிறான் என்று நினைத்தேன். இவனை அடித்தால் மாமனார் பார்ப்பார், இவன் மாறவில்லை என்று எழுந்து போய்விடுவார், அவள் வர மாட்டாள் என்று நினைத்தேன். அவளுக்காகத்தான் கண்ணை மூடினேன். நாலு எண்ணி இழுத்தேன். நிறுத்தினேன். ஒன்று, இரண்டு, மூன்று. பதினாறு வரை எண்ணினேன். பிணமாக நின்றேன்.

கண்ணைத் திறந்தபோது நீங்கள் என் தோளில் கை வைத்திருந்தீர்கள். பாருங்கள், இந்த மனிதன் உப்பில்லாத கூழுக்குக் கை ஒடித்தவன், இப்போது பாருங்கள், இதுதான் யோகம் என்று சபையிடம் சொன்னீர்கள். நிலக்காரர் எழுந்து நின்று கை தட்டினார். எனக்குப் பட்டுத் துண்டு போர்த்தினீர்கள். நான் தலை குனிந்து அதை வாங்கிக்கொண்டேன். ஜெயித்துவிட்டேன் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். அந்த ஒரு நிமிஷத்துக்காக என்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

அந்த வார்த்தைகள் பொய் என்று நீங்கள் சொல்லவில்லை. நான்தான் சொல்லச் சொன்னேன் என்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அது நாடகம் ஆகியிருக்கும். கை தட்டல் பாதியாகியிருக்கும்.

பெண்கள் பக்கத்தில் அவள் எழுந்துவிட்டாள்.

துண்டோடு பின்னால் ஓடினேன். ஏரிக்கரைப் புளியமரத்தடியில் அவர்கள் மாட்டு வண்டி நின்றது. அவள் குழந்தையை ஏற்றிவிட்டுத் தானும் ஏறப் போனாள். உனக்காகத்தான் பொறுத்துக்கொண்டேன் என்றேன். அதுவரை என்னை மரியாதை குறைத்து ஒரு வார்த்தை பேசாதவள் அவள்.

"உப்பு இல்லன்னதுக்கு வந்துச்சே ஒரு கோவம், அத எங்க வச்சிட்டு வந்த? என்னை அடிக்க வந்தது, எனக்காக வரலியே. கண்ண மூடிக்கினு நிக்கிறியே, நான் எந்தப் பக்கம் மூஞ்சியத் திருப்பிக்கினு குந்தறது?"

நான் வண்டிச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டேன். மாமனார் வந்து மாட்டை அவிழ்த்தார்.

"நீ மாறிட்டப்பா. ஒத்துக்கறேன்" என்றார். "இப்ப இன்னா பண்றது, சொல்லு."

வண்டி திரும்பியபோதுதான் பார்த்தேன். வைக்கோல் மேல் அவளுடைய தகரப் பெட்டி இருந்தது. கல்யாணத்துக்கு வாங்கிய பச்சைப் பெட்டி. அதன்மேல் குழந்தையின் பாய் சுருட்டி வைத்திருந்தது. விழா முடிந்ததும் அப்படியே என்னோடு விழுப்புரம் வருவதற்காகக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். பெட்டி வந்த வழியே திரும்பிப் போனது.

நான் மூன்று முறை போய்க் கூப்பிட்டேன். முதல் தடவை தண்ணீர் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். மற்ற இரண்டு தடவையும் வெளியே வரவில்லை.

அதற்குப் பிறகு ஊர் என்ன பேசியது என்று உங்களுக்குத் தெரியும். அவன் யார் என்று தெரியாதா, கூழுக்கு உப்பில்லை என்று கையை ஒடித்தவன், அப்படிப்பட்டவன் கட்டின பெண்டாட்டியைச் சொன்னதற்கு அடிக்கவில்லை என்றால் விஷயம் நிஜமாகத்தான் இருக்கும், அவனுக்கே தெரிந்திருக்கும். இப்படித்தான் பேசினார்கள். நான் பொறுத்துக்கொண்டதே அவளுக்கு எதிராகச் சாட்சி ஆனது. வேறொரு சாது அங்கே நின்றிருந்தால் இப்படி ஆகியிருக்காது. என் முரட்டுத்தனம்தான் அந்தப் பொய்க்கு முத்திரை குத்தியது.

மாமனார் ஒரு தப்புச் செய்தார். ரோஷத்தில் அந்த மண்டிக்காரருக்கு மல்லாட்டை போடுவதை நிறுத்தினார். திடீரென்று ஏன் நிறுத்தினார் என்று அதையும் சேர்த்துப் பேசினார்கள். மண்டிக்காரரிடம் கேட்டவர்களுக்கு அவர் இல்லை என்றும் சொல்லவில்லை, ஆமாம் என்றும் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டாராம். கிணற்றில் இவள் குடம் வைத்தால் மற்றப் பெண்கள் பேச்சை நிறுத்துவார்கள். கோணல் கையால் தானே இறைத்துக்கொண்டு வருவாள்.

யுத்த காலத்தில் ஒரு நாள் ஜங்ஷன் பிளாட்பாரத்தில் பபூனைப் பார்த்தேன். உடம்பு வற்றிப் போயிருந்தான். மகள் ஊருக்கு வண்டி மாற வந்தவன். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான். அவனாகச் சொன்னான்.

"அடிக்கிறதுன்னா அடிச்சிடுண்ணே. ஆனா அது என் பேச்சு இல்ல. வாத்தியாரு துண்டுக் காயிதத்துல எழுதிக் குடுத்தாரு. சொவுத்துல எழுதிக் கீதே வாத்தியாரேன்னு கூட கேட்டேன். இன்னிக்கு ஒரு நாளுக்கு பரவால்லன்னாரு. மண்டிக்காரன் வண்டி அங்க நின்னத நீங்க பாத்தீங்களான்னேன். அறுவடை மாசத்துல எவன் வூட்டாண்டதான் நிக்கலன்னாரு."

நான் அவனை அடிக்கவில்லை. அவன் பக்கத்திலேயே பெஞ்சில் உட்கார்ந்தேன். அவன் பீடி கொடுத்தான். வாங்கிக்கொண்டேன். மறு வருஷமே அவன் செத்துப்போனான்.

அன்றே ஒலக்கூருக்கு வண்டி ஏறினேன். அவள் களத்தில் மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தாள். அது வாத்தியார் எழுதிக் கொடுத்த பொய் என்று மூச்சு வாங்கச் சொன்னேன். ஏதோ பெரிய செய்தி கொண்டுவந்தவன் போலச் சொன்னேன். அவள் உரிப்பதை நிறுத்தவில்லை.

"அது பொய்யின்னு எனக்குச் சொல்ல வந்தியா? எனக்குத் தெரியாதா? சிரிச்சாங்களே, அவங்களாண்ட சொல்லச் சொல்லு. சொன்னவரு அதே எடத்துல நின்னு சொல்லட்டும். அன்னிக்கு நான் பெட்டியத் தூக்கிக்கினு வர்றேன்."

உங்களிடம் வந்தேன். ஞாபகம் இருக்கிறதா? கொட்டகை போய் ஓடு போட்ட கட்டிடம் வந்திருந்தது. சுவருக்குச் சுண்ணாம்பு அடித்திருந்தீர்கள். கரியில் எழுதிய விதி காணோம். நீங்கள் மறுக்கவில்லை. வேறு எதற்கும் நான் அசைய மாட்டேன் என்று உங்களுக்குத் தெரியுமாம். அசைக்கிற மாதிரி ஒன்று தேவைப்பட்டதாம். மேடையில் சொல்லுங்கள் என்றேன். கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினீர்கள்.

"சொன்னா இத்தனை வருஷம் நான் சொல்லிக்கிட்டு வந்ததெல்லாம் வேஷம்னு ஆயிடும்பா. நாப்பது பேரு இங்க கத்துக்கறான். யோசிச்சுப் பாரு. உன் கோவம் போச்சா இல்லையா? அதுக்குத்தானே வந்த?"

அதற்கு வரவில்லை, வாத்தியாரே. அவள் வருவதற்காக வந்தேன். கோபம் போனது வழியில் நடந்த விஷயம்.

அடுத்த ஆண்டு விழாவில் பார்க்கலாம் என்றீர்கள். நம்பினேன். அடுத்த விழாவுக்கும் வந்தேன், அதற்கு அடுத்ததற்கும் வந்தேன். பின்னால் நின்றேன். இரண்டு தடவையும் நீங்கள் அந்தக் கதையைச் சொன்னீர்கள். ஒரு ரயில்காரன் இருந்தான், அவன் மனைவியையே இழிவாகப் பேசியும் அவன் இமைக்கவில்லை என்று சொன்னீர்கள். ஜனங்கள் கை தட்டினார்கள். நான் பதினாறு எண்ணிக்கொண்டு வெளியே போனேன்.

யுத்தம் முடிந்த வருஷம், ஐப்பசி மழையில் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. ஒன்பது நாள். எனக்குச் செய்தி வந்து நான் போவதற்குள் முடிந்துவிட்டது. குளிப்பாட்டிக் கிடத்தியிருந்தார்கள். கைகளை மார்பில் சேர்த்து வைக்கப் பார்த்தார்கள். இடது கை சரியாகப் படியவில்லை. வைக்க வைக்க விலகியது. பெண்கள் மூன்று தடவை வைத்துப் பார்த்தார்கள். பிறகு நான் போய் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். எடுக்கும்வரை பிடித்துக்கொண்டிருந்தேன். பச்சைப் பெட்டி மூலையில் இருந்தது. திறந்து பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

இத்தோடு விட்டிருப்பேன். செத்தவளுக்குக் கேட்காது என்று வாயை மூடிக்கொண்டிருப்பேன். ஆனால் பெண் இருக்கிறாள்.

தாத்தா வீட்டிலேயே வளர்ந்தவள். பதினேழு வயது. போன ஆவணியில் திண்டிவனம் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் வந்து பார்த்தது. பையனுக்குப் பிடித்திருந்தது. சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். பத்து நாளில், அம்மா பேரு அடிபட்ட இடம் வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவர்களில் ஒரு பெரியவர் அன்றைய விழாவில் இருந்தவராம். என் பெண் அம்மா மடியில் உட்கார்ந்து பார்த்த அதே விழா.

அவள் தனியாக ரயில் ஏறி விழுப்புரம் வந்தாள். மத்தியான நேரம். உடம்பெல்லாம் கரியாக நான் நிற்கிறேன். அம்மாவின் ஜாடை அப்படியே. தள்ளி நின்றுகொண்டு கேட்டாள்.

"அம்மாவப் பத்தி அன்னிக்கு சொன்னது நெசமா?"

பொய் என்றேன். சாமி சத்தியமாகப் பொய் என்றேன்.

"பொய்யின்னா நீ ஏன் அவன அடிக்கல?"

உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். உங்களைப் பற்றிச் சொன்னேன். நாலு எண்ணி இழுப்பது, பதினாறு எண்ணி நிறுத்துவது, பிணமாக நிற்பது எல்லாம் சொன்னேன். அவள் அம்மாவைப் போலவே குறுக்கே பேசாமல் கேட்டாள். கடைசியில் ஒன்று கேட்டாள்.

"பதினாறு எண்ணி முடிச்சியே, அப்பறம் இன்னா பண்ண? பதினேழுல வாயத் தொறந்து அது பொய்யின்னு சொல்லி இருக்கலாமே. அடிக்கக் கூட வேணாமே."

பதினேழில் நான் பட்டுத் துண்டு வாங்கினேன் என்று அந்தப் பெண்ணிடம் எப்படிச் சொல்வேன்? சொன்னேன். சொல்லித்தான் ஆக வேண்டும். அவள் எழுந்து அடுத்த வண்டிக்குப் போய்விட்டாள். நான் கொடுத்த பன்னை வாங்கவில்லை.

அன்றிலிருந்து அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். கையை நிறுத்தச் சொல்லிக்கொடுத்தீர்கள். நிறுத்திய பிறகு என்ன செய்ய வேண்டும் என்று நீங்கள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அடிப்பதற்கும் சும்மா நிற்பதற்கும் நடுவில் பேச்சு என்று ஒன்று இருக்கிறது. அது நம் இரண்டு பேருக்கும் தெரியாமல் போயிற்று. பதினேழு வயதுப் பெண்ணுக்குத் தெரிகிறது. நான் ஆண்டு விழாக்களில் பின்னால் நின்று எண்ணியதெல்லாம் கோபத்தை அடக்க இல்லை. பயம். முன்னால் வந்து நான் பேசியிருக்க வேண்டும்.

இன்றைக்கும் விடியற்காலையில் நமஸ்காரம் செய்கிறேன். உடம்பு பழகிவிட்டது. முழங்கால் இப்போது மடங்க மாட்டேன் என்கிறது. ஆனாலும் செய்கிறேன். உங்கள் மேல் உள்ள கோபமும் தினமும் மூச்சில் ஏறுகிறது. தினமும் எண்ணுகிறேன். அது போகவில்லை. அது போகக் கூடாது என்றும் இப்போது எனக்குத் தெரிகிறது.

வருகிற தை மாதம் உங்கள் ஆண்டு விழா. நான் வருவேன். பின்னால் நிற்க மாட்டேன். அன்று என் மாமனார் உட்கார்ந்த இரண்டாவது வரிசையில் உட்காருவேன். முடிந்தால் என் பெண்ணும் வருவாள். நான் கையை ஓங்க மாட்டேன், பயப்பட வேண்டாம். நீங்கள் ரயில்காரன் கதையைத் தொடங்கியதும் எழுந்து நின்று இரண்டே இரண்டு கேள்வி கேட்பேன். இப்போதே எழுதி வைக்கிறேன், யோசித்துக்கொள்ள உங்களுக்கு நேரம் இருக்கட்டும்.

அந்தப் பெண்ணைப் பற்றிய அந்த வார்த்தைகளை எழுதிக் கொடுத்தது யார்? அதில் ஒரு சொல்லாவது நிஜமா? பதில் சொல்லுங்கள், வாத்தியாரே. என் காதில் வேண்டாம். அதே மேடையில், அன்று சிரித்தவர்கள் காதில் விழும்படி சொல்லுங்கள்.